சீவலப்பேரிக்குப் பத்துக் கட்டங்கள்

பிரெய்லி டிஸ்பிளே எனப்படும் கருவியைக் கணினியோடும் கைபேசியோடும் இணைப்பதில் நேரும் சிக்கல்களைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அது கணினிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று தாண்டிப் போவதே வழக்கம். அந்த வழக்கம் தவறென்பது நம் கட்சி. ஒரு நாவல் அச்சாகி, மின்னூலும் ஆகி, சட்டப்படி இலவசமாகவும் கிடைத்து, எல்லாத் தடைகளையும் கடந்து வந்தபின், வாசகரின் விரல் நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுபோகிறதென்றால், அந்த ஒரு சாண் இலக்கியத்தின் விவகாரந்தான். விமர்சனம், விருது, விழா என்று நாம் வருடம் முழுக்கப் பேசுவதெல்லாம் அந்த ஒரு சாணுக்கு இப்பால் நடப்பவை.

திருநெல்வேலிச் சீமைக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பார்வையற்றோருக்கான இந்தியாவின் முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பள்ளி தொடங்கிவிட்டார். தமிழைப் புள்ளிகளில் தொட்டுப் படிக்கும் வழக்கம் இந்தப் பொருநைக் கரையில் நூற்றாண்டைத் தாண்டியது. அந்நாளில் ஒவ்வொரு மொழிக்கும், சில மொழிகளுக்குள்ளேயே பள்ளிக்குப் பள்ளியும், வெவ்வேறு பிரெய்லி முறைகள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து 1951இல் பாரதி பிரெய்லி ஏற்கப்பட்டது. (இந்தப் பாரதிக்கும் எட்டயபுரத்தாருக்கும் சம்பந்தமில்லை. அது தேசத்தைக் குறித்த பெயர்.) இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் கற்பிப்பதும், நம் கருவிகள் காட்ட வேண்டியதும் அந்த முறையைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது சீவலப்பேரி. பலருக்கு அந்தப் பெயர் 1994இல் வந்த திரைப்படத்தின் வழியாகத்தான் அறிமுகம். ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரிலமைந்த பேரேரிதான் சீவலப்பேரி ஆயிற்று என்பார்கள். முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடலும் இந்த ஊரை ஒட்டியதே. பிரெய்லியில் ஒவ்வோர் எழுத்துக் குறியும் ஒரு கட்டத்துக்குள் அடங்கும். கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. சீவலப்பேரி என்பதை விரல் படிக்கும் வரிசை இது: ச, ஈ, வ, ல, புள்ளி, ப, ப, ஏ, ர, இ. பத்துக் கட்டங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ‘சீ’ என்பதில் நாம் கண்ணால் காணும் சுழி பிரெய்லியில் கிடையாது. ச என்ற மெய்யை எழுதி, பக்கத்தில் ஈ என்ற உயிரையே எழுதிவிடுகிறார்கள். அதேபோல் ‘பே’ என்பதன் கொம்பும் இல்லை. ப, பிறகு ஏ. உச்சரிக்கிற வரிசையிலேயே எழுத்தும் நடக்கிறது. தொல்காப்பியர் முறைக்கு நம் அச்செழுத்தைவிட இதுவே நெருக்கம் என்று வாதிடலாம். 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற வடிவங்களைத் திருத்தியபோது அச்சகங்களும் பாடநூல்களும் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கும். பிரெய்லி நூல்களில் ஒரு புள்ளிகூட இடம் மாற வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது விஷயம், மெய்யின் புள்ளி. அச்சில் அது எழுத்தின் தலைமேல் ஏறுகிறது. கணினியின் ஒருங்குறியில் மெய்க்குப் பின்னே தனிக்குறியாக வருகிறது. பிரெய்லியிலோ மெய்க்கு முன்னே, நான்காம் புள்ளி மட்டும் கொண்ட ஒரு கட்டமாக வருகிறது. ‘ப்’ என்று படிக்கப் போகும் விரலுக்கு, இதோ ஒற்று வருகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு கிடைத்துவிடுகிறது. ஆகவே கணினிக்குள் கிடக்கும் சீவலப்பேரிக்கும் விரலுக்கடியில் எழ வேண்டிய சீவலப்பேரிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அவர் பெயர் பிரெய்லி அட்டவணை. அவரிடம் பிறகு வருவோம்.

கருவியைப் பற்றி இரண்டு வரி. மேசைமேல் வைக்கும் பட்டையான பெட்டி. முன்பக்கம் இருபதோ நாற்பதோ கட்டங்கள் ஒரே வரிசையில். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு அல்லது எட்டு ஊசிமுனைகள், பெரும்பாலான கருவிகளில் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் சிறு பட்டைகளின் உதவியால், மேலெழுந்து அடங்கும். ஒரு வரி படித்ததும் பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி அதே இடத்தில் எழும். டிஸ்பிளே என்று பெயர் வைத்தவர் பார்வையுள்ளவராகத்தான் இருக்க வேண்டும். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நாற்பது கட்டக் கருவிகள் லட்சக்கணக்கில் விலைபோன காலம் நெடியது. ஆர்பிட் ரீடர், மும்பை இன்னோவிஷன் நிறுவனத்தின் பிரெய்லி மீ போன்ற இருபது கட்டக் கருவிகள் வந்தபின் நிலைமை இளகியது. தில்லி ஐ.ஐ.டி.யின் டாட்புக், 2019இல் வெளியானது. அதன் ஆக்கத்தில் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. கருவி கிடைக்கவே கிடைக்காது என்ற காலம் போய்விட்டது என்பதற்காக இவ்வளவும் சொல்கிறோம். கிடைத்த கருவி பேசாமல் இருப்பதே இன்றைய சிக்கல்.

‘கருவி ஓடவில்லை’ என்ற ஒரே வாக்கியம் நான்கைந்து வெவ்வேறு நோய்களுக்குப் பெயராக வழங்குகிறது. சீவலப்பேரிக்காரரான நம் வாசக நண்பர் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய சிற்றிதழ்களைத் தேடிப் படிப்பவர். ஒரு கதையின் முடிவைப் பற்றி நள்ளிரவில் விவாதிக்கக்கூடியவர். கருவி கைக்கு வந்து மூன்று மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது. விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், கருவியை அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம் என்ற பதில். அனுப்பிப் பெற ஒரு மாதம். கடைசியில் கண்டுபிடித்தது என்ன? பெட்டியோடு வந்த கம்பி தொலைந்து, கடைத்தெருவில் வேறொன்று வாங்கியிருக்கிறார். அது மின்சாரத்தை மட்டும் கடத்தும் கம்பி. தரவு கடத்தும் இழைகள் அதற்குள் இல்லை. கடைக்காரரிடம் சந்தேகத்தைக் கேட்டபோது, “அண்ணாச்சி, சார்ஜ் ஏறுதுல்லா, அப்பம் வயரு நல்ல வயருதான்” என்றாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அறிந்த உலகில் கம்பியின் வேலை அதுதான்.

கம்பி மாற்றியதும் கணினி கருவியைக் கண்டுகொண்டது. ஆனாலும் புள்ளிகள் எழவில்லை. ஏனெனில் நண்பர் நடுவில் கைபேசியோடும் புளூடூத் வழியே கருவியை இணைத்துப் பார்த்திருந்தார். கைபேசி சட்டைப்பையிலிருந்தபடியே கருவியைப் பிடித்துவைத்திருந்தது. பொதுவாக இக்கருவிகள் ஒரு நேரத்தில் ஒருவர் சொல்லைத்தான் கேட்கும். சிலவற்றில் நான்கைந்து இணைப்புகளை நினைவில் வைத்து மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் எது இப்போது பேசுகிறது என்பதைக் கருவியின் பட்டியலில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே கணினியில் வராத கருவிக்கு முதல் வைத்தியம், வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளிலும் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது. வேடிக்கையாகத் தோன்றும். பல வீடுகளில் இதுவே போதும்.

அடுத்தது பலரும் வழுக்கி விழும் இடம். கருவியை அறிவது கணினி. அதில் தமிழை எழுப்புவது திரைவாசிப்பான். இரண்டும் வேறு. விண்டோசின் புளூடூத் பட்டியலில் கருவியின் பெயருக்குக் கீழே ‘இணைக்கப்பட்டது’ என்று வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று பொருளல்ல. என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர் அதன் பிரெய்லி அமைப்புக்குள் போய்க் கருவியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். என்விடிஏ விசையோடு கண்ட்ரோல், ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பட்டியல் திறக்கும். 2018இன் மூன்றாம் வெளியீட்டிலிருந்து ‘தானியங்கி’ என்ற தேர்வும் வந்துவிட்டதால் பல கருவிகளை அதுவே மோப்பம் பிடித்துவிடுகிறது. கைபேசியில் கதை வேறு. ஆண்ட்ராய்டில் முதலில் புளூடூத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு டாக்பேக்கின் பிரெய்லி அமைப்புக்குள் போக வேண்டும். 2022இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலிருந்துதான் இவ்வசதி டாக்பேக்கினுள்ளேயே அமைந்தது. அதற்கு முன் பிரெய்லிபேக் என்ற தனிச்செயலியை நிறுவ வேண்டியிருந்தது. இன்றும் பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு அந்தச் செயலியைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஐபோனிலோ நேர்மாறு. பொதுவான புளூடூத் பக்கத்தில் கை வைக்காமல், வாய்ஸ்ஓவரின் பிரெய்லிப் பக்கத்திற்குள் போய் அங்கேயே சேர்க்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் ஆண்ட்ராய்டும் தங்கை ஐபோனும் வைத்திருந்தால், ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் வழி நிச்சயம் தவறாகவே முடியும்.

கணினிக்குள்ளேயே போட்டியும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு திரைவாசிப்பான்கள் ஒரு கருவியைப் பிடிக்க முடியாது. விண்டோசின் நரேட்டர் தன் பிரெய்லி வசதிக்கெனத் தனி டிரைவர் வைத்திருந்தது. ஆர்வத்தில் ஒருமுறை அதை இயக்கிவிட்டால், அதன்பின் ஜாசோ என்விடிஏவோ கருவியைக் காணாமல் தவிக்கும். டிரைவரைப் பழைய இடத்துக்குத் திருப்பியாக வேண்டும். விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இதைச் சீர்செய்ய முயன்றிருக்கிறார்கள். பழைய கணினிகளில் சிக்கல் இன்னும் அப்படியே இருக்கக்கூடும்.

ஒரு சிறு விலகல். லினக்ஸில் பிரெய்லிக் கருவிகளைக் கையாள பிஆர்எல்டிடிஒய் என்றொரு மென்பொருள் உண்டு. பிரெய்லிக் கருவிகள் சில, தனக்கென அடையாள எண் இல்லாத பொதுவான யூ.எஸ்.பி. சில்லுகளைப் பயன்படுத்துகின்றன. அதே சில்லுகளைத்தான் மாணவர்கள் விளையாடும் ஆர்டுயினோ வகைப் பலகைகளும் பயன்படுத்துகின்றன. 2022இல் வந்த உபுண்டு பதிப்பில் இந்த மென்பொருள், அப்படிப்பட்ட பலகைகளையும் பிரெய்லிக் கருவி என்றெண்ணிப் பிடித்துக்கொண்டது. பலகைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களிடையே அன்று பரவிய, இன்றும் தேடினால் முதலில் வந்து நிற்கிற அறிவுரை ஒற்றை வரி: அந்த மென்பொருளை நீக்கிவிடு. அவர்களுக்கு அது போதுமானது. பிழையென்றும் சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்றில் பையன் ஒருவன் அந்த வரியை அப்படியே தட்டிவிட்டுப் போனால், மறுநாள் அங்கே வந்து உட்காரும் பார்வையற்ற மாணவியின் கருவி ஏன் ஊமையானது என்று அவளுக்கு யார் சொல்வது? ஒருவர் தீர்வு இன்னொருவர் நோயாவதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் நமக்குத் தெரியாது.

கருவி ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் என்ற இந்த அவலத்தை ஒழிக்க ஒரு பொதுவழி பிறந்ததும் உண்மை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து நிற்க, 2018 மே மாதம் யூ.எஸ்.பி. அமைப்பு பிரெய்லிக் கருவிகளுக்கான பொது நெறியை அறிவித்தது. விசைப்பலகையைச் செருகினால் எந்தக் கணினியும் கேள்வி கேட்காமல் ஏற்பதுபோல் பிரெய்லிக் கருவியையும் ஏற்க வேண்டும் என்பது எண்ணம். புதிய கருவிகளும் புதிய திரைவாசிப்பான்களும் அந்த நெறியை ஏற்று வருகின்றன. ஆனால் பள்ளிகளிலும் வீடுகளிலும் கிடப்பவை புதியவை மட்டுமல்லவே.

இனி அட்டவணைக்கு வருவோம். கம்பி சரி, புளூடூத் சரி, திரைவாசிப்பான் கருவியைக் கண்டுகொண்டது, புள்ளிகளும் எழுகின்றன. நண்பர் முக்கூடற்பள்ளு திறக்கிறார். விரலில் படிவது சாய்கோடு, எக்ஸ், சுழியம், பி, 9, ஏ. பிறகு மறுபடி சாய்கோடு, எக்ஸ், சுழியம், பி. இப்படியே முடிவில்லாமல். கருவி பழுதென்று மறுபடியும் பெட்டிக்குள் போகப் பார்த்தது. பழுதொன்றுமில்லை. வாங்கிய நாளிலிருந்தே திரைவாசிப்பானின் பிரெய்லி அட்டவணை ஆங்கிலத்தில் நின்றிருக்கிறது. ஆங்கில அட்டவணைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் அதன் ஒருங்குறி எண்ணைக் காட்டிவிடுவது பல பதிப்புகளின் வழக்கம். ச என்ற எழுத்துக்கு அந்த எண் 0, பி, 9, ஏ. ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழெட்டுக் கட்டங்கள் இவ்விதம் வீணாகும். பத்துக் கட்டங்களில் அடங்கும் சீவலப்பேரி எண்பது கட்டங்களைத் தின்னும். இருபது கட்டக் கருவியில் ஓர் ஊர்ப்பெயரைக் கடக்க நான்கு முறை பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியும் ஊர் வராது.

நம் பார்வையில் தமிழ்ப் பயனர்களின் இணைப்புச் சிக்கல்களில் கொடியது இதுவே. மற்றவற்றில் கருவி பேசாமலிருக்கும், இதில் பிதற்றும். பேசாத கருவியைப் பழுதென்று சந்தேகிப்போம். பிதற்றுகிற கருவியைக் கண்டதும் ‘இதில் தமிழ் வராதுபோல’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கருவியில் ஆங்கிலம் அழகாக வருகிறதல்லவா, ஆகவே குறை தமிழுடையது என்று தோன்றிவிடுகிறது. பிறகு அந்த மனிதர் ஆயுள் முழுக்க அந்தக் கருவியில் ஆங்கிலம் மட்டுமே படிப்பார். இப்படித் தமிழ் வாசிப்பைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. உண்மையில் லிப்லூயி என்ற இலவச மொழிபெயர்ப்பு மென்பொருளில் தமிழ் அட்டவணை நெடுங்காலமாகவே இருக்கிறது. என்விடிஏவும் அதைத்தான் நம்பியிருக்கிறது. பட்டியலில் கீழே இறங்கித் தமிழ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று. ஒரு நிமிட வேலை. கணினியின் மொழியோ, கைபேசியின் மொழியோ, பேசும் குரலின் மொழியோ தமிழாக இருப்பது போதாது. பிரெய்லிக்கு மொழி தனியாகச் சொல்லப்பட வேண்டும் என்ற ஒரு தகவல்தான் தேவை.

அட்டவணையிலும் உள்ளட்டவணை என்றும் வெளியட்டவணை என்றும் இரண்டு உண்டு. வெளியட்டவணை படிப்பதற்கு, உள்ளட்டவணை கருவியின் பிரெய்லி விசைகளால் எழுதுவதற்கு. முன்னதை மட்டும் மாற்றிவிட்டு, தமிழில் படிக்க முடிகிறது, எழுதினால் மட்டும் ஆங்கிலம் வருகிறதே என்று தவிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். தமிழ்ப் பிரெய்லியின் ழகரம் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்ற புள்ளிகளால் ஆனது. ஆங்கிலச் சுருக்கெழுத்துப் பிரெய்லியில் அதே வடிவம் ‘ஆஃப்’ என்ற சொல். ஆகவே உள்ளட்டவணை ஆங்கிலமாக இருந்தால் நீங்கள் எழுதும் தமிழின் கடைசி எழுத்து ‘ஆஃப்’ ஆகிவிடும். சிலேடைக் கவிகள் சந்தோஷப்படலாம். கீழ்வரிசையில் ஏழு, எட்டாம் புள்ளிகள் இடைவிடாமல் துடிப்பதைப் பழுதென்று எண்ணுவதும் உண்டு. அது எழுத்துச்சுட்டி நிற்கும் இடம்.

அட்டவணையும் சரியாகி, இன்னும் உளறல் தொடர்ந்தால் குற்றவாளி கருவியல்ல, பிரதி. இங்கேதான் நம்மைப் போன்ற இலக்கியக்காரர்கள் கூண்டில் ஏற வேண்டியவர்கள். தமிழ்ப் பதிப்பகங்களும் சிற்றிதழ்களும் பல்லாண்டுகள் பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டச்சு செய்தன. அவற்றில் தமிழ் என்பது ஒரு வேடம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதற்குள்ளே கிடப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண் வேடத்தைப் பார்க்கிறது. விரலோ வேடம் கலைந்த ஜே, கே, பி, ஓ-வைத்தான் படிக்கும். ஒருங்குறி பரவி இத்தனை ஆண்டுகள் ஆனபின்னும் பழைய கோப்பையே பிடிஎஃப் ஆக்கி ‘மின்னூல்’ என்று வெளியிடுவோர் இருக்கிறார்கள். பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்த பிடிஎஃப்கள் அதைவிட மோசம். அவற்றில் ஜே, கே-யும்கூட இல்லை, வெறுமை. மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றித் தந்திராவிட்டால் நம் பார்வையற்ற நண்பர்களுக்குக் கருவி இருந்தும் படிக்க என்ன இருந்திருக்கும் என்று யோசித்தால் அச்சமாக இருக்கிறது. அதன் விளைவாகச் சங்க இலக்கியம் விரலுக்கு எளிதாகவும், சென்ற மாதம் வந்த சிறுகதைத் தொகுப்பு எட்டாததாகவும் இருக்கின்றன. இந்தத் தலைகீழ் நிலைமைக்குத் தொழில்நுட்பம் காரணமல்ல.

சட்டமும் காரணமல்ல. 2012இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள இடம் தந்தது. 2013இல் மராகேஷில் கையெழுத்தான உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்தது. சட்டத்தில் முந்தியவர்கள் கம்பியில் பிந்தினோம்.

‘அதுதான் கணினியே வாய்விட்டுப் படிக்கிறதே, கேட்டால் போதாதா?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். கேட்பது சிறந்த காரியம். பல பார்வையற்ற நண்பர்கள் நாம் படிப்பதைவிட வேகமாகக் கேட்கிறார்கள். ஆனால் கேட்டவருக்கு எழுத்து தெரியாது. எரிந்ததா, எறிந்ததா என்பதை இக்காலப் பேச்சின் ரகர றகரங்களில் காது பிரிக்காது. தந்நகரமும் றன்னகரமும் காதுக்கு ஒன்றே. தமிழாசிரியர்கள் காலங்காலமாய்ச் சொல்லும் ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ வேறுபாடு ஓர் ஒற்றில் நிற்கிறது. எந்திரக் குரல் அதை விழுங்கினாலும் விரலுக்கு ஒற்று வருமுன்னே நான்காம் புள்ளி வந்து எச்சரித்துவிடுகிறது. கவிதை இன்னும் தெளிவு. வரி எங்கே முடிகிறது என்பது புதுக்கவிதையின் உயிர். குரல் அந்த முடிவை ஓடிக் கடந்துவிடும். கருவியிலோ சொற்கள் தீர்ந்து, பிறகு வெற்றுக் கட்டங்கள் வழவழப்பாய் நிற்கும். அந்த வழவழப்பில் விரல் ஒரு கணம் தயங்குவதற்குப் பெயர்தான் வாசிப்பு. கலாப்ரியாவின் கவிதையையோ வண்ணதாசனின் உரைநடையையோ காதால் மட்டுமே அறிந்தவர் அதன் கதையை அறிவார். எழுதப்பட்ட விதத்தை அறியார். எழுத நினைக்கும் பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கு இது ரசனைப் பிரச்சினை மட்டுமன்று. பிழையில்லாமல் எழுதியாக வேண்டிய தேர்வும் வேலையும் அவர்முன் நிற்கின்றன.

ஒற்றைவரிக் கருவியின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. முக்கூடற்பள்ளின் எதுகையை நாம் கண்ணால் அடிக்கு அடி செங்குத்தாகப் பார்க்கிறோம். ஒற்றைவரிக் கருவியில் முன்னடி மறைந்த பிறகே பின்னடி எழும். பத்து வரிகளும் வரிக்கு முப்பத்திரண்டு கட்டங்களும் கொண்ட மோனார்க் போன்ற கருவிகள் வெளிநாட்டில் வந்துவிட்டன. அவை இந்தப் பக்கம் வர நாளாகும். அதுவரை இருக்கிற இருபது கட்டம் ஒழுங்காக ஓடட்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? நண்பரின் மூன்று மாதச் சிக்கலைத் தீர்க்க ஆன நேரம், எல்லாம் சேர்த்து ஒரு மாலைப்பொழுது. தீர்த்தவர் பொறியாளரல்லர், அதே கருவியை இரண்டு வருடம் பயன்படுத்தியிருந்த, தாமும் பார்வையற்றவரான ஓர் ஆசிரியர். அவர் தொலைபேசியிலேயே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். எதைக் கேட்பது என்ற வரிசை அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு கம்பி போட்டீர்களா, கைபேசியை அணைத்தீர்களா, திரைவாசிப்பானில் கருவி பெயர் வருகிறதா, ஆங்கிலம் சரியாக வருகிறதா, தமிழ் மட்டும் வரவில்லையா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்ததும் அவர் சிரித்துவிட்டாராம். இந்த வரிசை தமிழில் எழுதப்பட்டு, பிரெய்லியிலும் ஒலியிலும் ஆக்கப்பட்டு, கருவி வழங்கும் ஒவ்வொரு விழாவிலும் பெட்டியோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். இன்று பெட்டியில் இருப்பது ஆங்கிலக் கையேடு, அதுவும் அச்சில். பார்வையற்றவர் கையில் அச்சுக் கையேட்டைக் கொடுக்கும் சாமர்த்தியத்தை என்னவென்பது!

இரண்டாவது யோசனை நூலகம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லிப் பிரிவு உண்டு. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் சீவலப்பேரியிலிருந்து சென்னை ஓர் இரவுப் பயணம். பாளையங்கோட்டையோ பேருந்தில் அரைமணிச் சொச்சம். பாளையங்கோட்டையின் மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், இக்கருவிகளை அறிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். அவருக்கு மேசை ஒன்று, நல்ல தரவுக்கம்பிகள் நான்கைந்து, என்விடிஏ நிறுவிய கணினி ஒன்று, ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன். ஊழியராகப் பார்வையற்ற பயனர் ஒருவரையே அமர்த்துவது உத்தமம். ஊதியம் கொடுத்து, சேவை என்ற பெயரில் சும்மா வாங்கிக்கொள்ளாமல். 2022இல் பொருநை இலக்கியத் திருவிழாவைச் சிறப்பாக நடத்திக்காட்டிய ஊருக்கு இது பெருஞ்செலவல்ல.

பதிப்பாளர்களிடம் நாம் கேட்பது இன்னும் சிறியது. அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பை ஒருங்குறியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டால், விலை வாங்கிக்கொண்டாவது அதைக் கொடுங்கள். திருட்டுப் பிரதி பயம் நியாயமானதே. ஆனால் திருடுகிறவர்கள் அச்சுப்புத்தகத்தைப் படம்பிடித்து ஏற்கெனவே உலவவிட்டாயிற்று. கோப்பு கிடைக்காமல் நிற்பவர் நேர்மையாக வாங்க வந்தவர்தான்.

சீவலப்பேரி நண்பர் இப்போது பள்ளுப்பாட்டை முடித்துவிட்டு, பழைய சிற்றிதழ் தொகுப்பொன்றைக் கேட்டிருக்கிறார். தொகுப்பு நம்மிடம் இருக்கிறது, பாமினியில். நண்பர்கள் நால்வர் பங்கிட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றி மென்பொருள் கொம்புகளைச் சரியாகத் திருப்புகிறது, ஒற்றுகளில் மட்டும் அங்கங்கே தடுமாறுகிறது. மெய்ப்புப் பார்க்க இன்னும் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள்.